அறுபது மடங்கு வேண்டுமா, டீச்சர்? ஒரு ஸ்கோப்பும் சில கோணங்களும்

மாணவர்களே, என்னிடம் படிவம் 4, 5 இரண்டிலும் இயற்பியல் படித்த மாணவன் ஒருவன் இப்போது இங்கிலாந்தில் பொறியியல் படிக்கிறான். அங்கே பல்கலைக்கழகத் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்திருக்கிறான். சில மாதங்களுக்கு முன் அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: "டீச்சர், துப்பாக்கியைக் கழகம் தரும். ஸ்கோப்பை நான்தான் வாங்க வேண்டும். 60 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வார இறுதியில் உணவகத்தில் வேலை செய்து சேர்த்த காசு முழுவதும் போய்விடும். வாங்கலாமா?"

எனக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கடுமையான குற்றம் என்பது மட்டும் தெரியும். ஆனால் ஸ்கோப் என்பது ஒரு தொலைநோக்கி. அது படிவம் 4 இயற்பியலில் ஆறாம் பாடம், 'ஒளியும் ஒளியியலும்'. ஆகவே "வாங்காதே, முதலில் கணக்குப் போடுவோம்" என்று பதில் எழுதினேன். அதன் பிறகு இரண்டு வாரம் நாங்கள் போட்ட கணக்குகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் போட்டியைப் பற்றி. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பிஸ்லி என்ற ஊர் இருக்கிறது. அந்நாட்டின் தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1890-இல் விம்பிள்டனை விட்டு அங்கே இடம் மாறியது. அங்குள்ள ஸ்டிக்கிள்டவுன் திடலில் 1200 கெஜம் வரை சுடலாம். என் மாணவன் சுடப்போவது 'எஃப் கிளாஸ்' என்ற பிரிவில். கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபர்குவார்சன் என்பவரின் பெயரின் முதல் எழுத்துதான் அந்த எஃப். வயதாகிக் கண்பார்வை மங்கியவர்களும் தொடர்ந்து போட்டியிட வேண்டும் என்று அவர் விரும்பினார். அதனால் இந்தப் பிரிவில் படுத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தாங்கியின் மேல் வைத்து, ஸ்கோப் வழியாகக் குறிபார்க்கலாம். ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

தூரம் 1000 கெஜம், அதாவது 914 மீட்டர். இலக்கின் நடு வட்டம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் அகலம், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. அதற்குள் சிறிய வட்டம் ஒன்றும் உண்டு, அதன் அகலம் இதில் பாதி. 914 மீட்டரில் அந்தத் தட்டு எவ்வளவு சிறிதாகத் தெரியும்? நம் 10 சென் நாணயத்தின் விட்டம் 18.8 மில்லிமீட்டர். அதைக் காற்பந்துத் திடலின் ஒரு முனையில் ஒட்டிவிட்டு 68 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அதே அளவுதான்.

இப்படித் 'தெரியும் அளவை' அறிவியலில் கோணமாகச் சொல்கிறோம். ஒரு பாகையை 60-ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு 'கலை'. துப்பாக்கி சுடுவோர் இதை எம்.ஓ.ஏ. என்பார்கள். ஒரு கலை 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டரையும் 914 மீட்டரில் 26.6 சென்டிமீட்டரையும் அடைக்கும். ஆக, நடு வட்டத்தின் அகலம் ஒரு கலைக்குச் சற்றுக் குறைவு. நல்ல பார்வை உள்ள மனிதக் கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய கோணமும் ஏறத்தாழ ஒரு கலைதான். வெறுங்கண்ணுக்கு அந்த வட்டம் ஒரு புள்ளிகூட இல்லை, புள்ளி இருக்கிறதோ என்ற சந்தேகம்தான்.

எனவே பெரிதாக்க வேண்டும், சரி. எத்தனை மடங்கு? முழு நிலவு வானத்தில் அடைக்கும் கோணம் சுமார் 30 கலை. 30 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பில் அந்த நடு வட்டம் முழு நிலவு அளவுக்குத் தெரியும். நிலவின் நடுவில் ஒரு மெல்லிய கோட்டைப் பொருத்துவது சிரமமா? இல்லை. 60 மடங்கில் அது இரண்டு நிலவு அகலம் இருக்கும். அந்த இரண்டாவது நிலவுக்குத்தான் என் மாணவன் காசு முழுவதையும் கொடுக்கப் பார்த்தான்.

பெரிதாக்கும்போது பெரிதாவது இலக்கு மட்டும் அல்ல. கை நடுக்கமும் நெஞ்சுத் துடிப்பால் வரும் அசைவும் அதே மடங்கு பெரிதாகத் தெரியும். பார்வைப் புலமும் சுருங்கும். கண்ணருகு வில்லை நமக்குக் காட்டும் வட்டம் சுமார் 20 பாகை என்று வைத்துக்கொண்டால், 40 மடங்கில் வெளியே நாம் பார்ப்பது 20 ÷ 40 = அரைப் பாகை. 914 மீட்டரில் அது 8 மீட்டர் அகலம். 60 மடங்கில் 5.3 மீட்டர்தான். பிஸ்லியில் இலக்குகள் வரிசையாக, எண் பலகையோடு நிற்கும். பார்வைப் புலம் குறுகினால் எண் பலகை தெரியாமல் போய்விடலாம். பக்கத்து இலக்கை மிக அழகாக நடுவில் அடித்துவிட்டு, தன் பெயருக்கு எதிரே பூஜ்ஜியம் வாங்கியவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்களாம்.

வெளிச்சக் கணக்கு சுருக்கமானது. முன்பக்கம் உள்ள பொருளருகு வில்லையின் விட்டத்தைப் பெருக்க மடங்கால் வகுத்தால், கண்பக்கம் வெளியேறும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 56 மில்லிமீட்டர் வில்லையில் 20 மடங்குக்கு 2.8 மில்லிமீட்டர், 40 மடங்குக்கு 1.4 மில்லிமீட்டர். பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் திறந்திருக்கும். ஒளிவட்டம் அதைவிடச் சிறிதானால் காட்சி மங்கும், கண்ணை மிகச் சரியான இடத்தில் வைத்தால்தான் எதுவும் தெரியும்.

"ஆனால் டீச்சர், 60 மடங்கு இருந்தால் தோட்டா விழுந்த துளையையே பார்த்துவிடலாமே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இதற்கு ஒளியின் அலைத்தன்மை பதில் சொல்கிறது. எந்த வில்லையும், எவ்வளவு விலை கொடுத்தாலும், ஒரு புள்ளியைப் புள்ளியாகக் காட்டாது. ஒளி வில்லையின் விளிம்பில் விளிம்புவிளைவுக்கு உள்ளாகி, புள்ளியைச் சிறிய வட்டாகப் பரப்பிவிடும். பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் 1.22 × அலைநீளம் ÷ வில்லையின் விட்டம். பச்சை ஒளிக்கு 550 நானோமீட்டர், வில்லைக்கு 56 மில்லிமீட்டர் எனப் போட்டுப் பாருங்கள். 914 மீட்டரில் விடை சுமார் 1.1 சென்டிமீட்டர். அவன் சுடும் தோட்டாவின் விட்டமோ 7.8 மில்லிமீட்டர். குறையே இல்லாத வில்லைக்கும் அது எல்லைக்கு வெளியே. அதனால்தான் அங்கே ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் பள்ளத்தில் இருப்பவர்கள் இலக்கைக் கீழே இறக்கி, துளையில் ஒரு வண்ண வட்டைச் செருகி, மறுபடி மேலே உயர்த்திக் காட்டுகிறார்கள். பெருக்கம் காட்சியை அகலமாக்கும். வில்லை பிடிக்காத விவரத்தை அது உண்டாக்காது. கைப்பேசியில் படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கினால் என்ன ஆகிறதோ, அதேதான் இங்கும்.

வில்லைக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது: ஒரு கிலோமீட்டர் காற்று. நண்பகலில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போது தூரத்தில் தார்ச்சாலை தண்ணீர்போல் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான காற்றின் ஒளிவிலகல் எண் குளிர்ந்த காற்றைவிடச் சற்றுக் குறைவு. சூடும் குளிரும் கலந்து அசையும்போது ஒளிக்கதிர் வளைந்து வளைந்து வருகிறது. வெயில் ஏறியதும் பிஸ்லியின் புல்வெளியிலும் அதே கானல் எழும். அப்போது 50 மடங்கில் பார்த்தால் இலக்கு கொதிக்கும் கஞ்சிபோல் இருக்குமாம். அனுபவசாலிகள் பெருக்கத்தை 20-க்குக் குறைத்துவிட்டு, கானல் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று பார்த்துக் காற்றைக் கணிக்கிறார்கள். ஆக, மடங்கைக் குறைக்க முடிவதும் ஒரு வசதி. 8 முதல் 32 வரை மாற்றக்கூடிய ஸ்கோப் இந்த வேலைக்குப் போதும் என்ற முடிவுக்கு வந்தோம். இங்கேயே அவன் காசில் பாதி மிச்சம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெருக்கத்தைவிட இதுதான் புள்ளிகளைத் தின்னும்.

கட்டைவிரலை முகத்துக்கு முன் நீட்டி, ஒரு கண்ணை மூடி, விரலைத் தூரத்து மரத்தோடு ஒரே கோட்டில் வையுங்கள். தலையைச் சற்று இடப்பக்கம் நகர்த்துங்கள். விரல் மரத்தைவிட்டு வலப்பக்கம் விலகுகிறது அல்லவா? விரலும் மரமும் ஒரே தூரத்தில் இல்லாததால் வரும் இடமாறு தோற்றப் பிழை இது. ஆய்வுக்கூடத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்க்காதே என்று நான் கத்துவதும் இதற்காகத்தான்.

ஸ்கோப்புக்குள் பொருளருகு வில்லை இலக்கின் பிம்பத்தை உருவாக்குகிறது. குறிபார்க்கும் குறுக்குக் கோடும் உள்ளே ஓரிடத்தில் இருக்கிறது. பிம்பம் சரியாக அந்தக் கோட்டின் தளத்திலேயே விழுந்தால், கண் எங்கே நகர்ந்தாலும் இரண்டும் ஒட்டியே இருக்கும். முன்னே பின்னே விழுந்தால், கண் நகரும்போது கோடு இலக்கின் மேல் ஊர்ந்து போகும்.

எவ்வளவு முன்னே பின்னே? நமக்குத் தெரிந்த 1/f = 1/u + 1/v சூத்திரத்தில் குவியத் தூரம் 200 மில்லிமீட்டர் என்று போடுவோம். இலக்கு 100 மீட்டரில் இருந்தால் பிம்பம் 200.40 மில்லிமீட்டரில் விழும். 914 மீட்டரில் இருந்தால் 200.04 மில்லிமீட்டரில். வித்தியாசம் 0.36 மில்லிமீட்டர். மூன்று, நான்கு தாள்களின் தடிப்பு. இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

வெளியே என்ன ஆகிறது என்று பாருங்கள். ஸ்கோப் 100 மீட்டருக்குச் சரிசெய்யப்பட்டிருந்தால், குறுக்குக் கோடு 100 மீட்டர் தூரத்தில் வெளியே தொங்குவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். கண் நடுவைவிட்டு ஒளிவட்டத்தின் ஓரத்துக்குப் போவது, முன்வில்லையின் ஓரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். வில்லையின் ஆரம் 28 மில்லிமீட்டர். அந்த ஓரத்திலிருந்து, 100 மீட்டரில் தொங்கும் கோட்டின் வழியே ஒரு நேர்கோடு வரைந்து அதை 914 மீட்டர் வரை நீட்டுங்கள். இரண்டு வடிவொத்த முக்கோணங்கள் கிடைக்கும். மையத்திலிருந்து விலகல் 28 × 814 ÷ 100 = 228 மில்லிமீட்டர்.

கிட்டத்தட்ட 23 சென்டிமீட்டர்! நடு வட்டத்தின் ஆரமே 12.5 சென்டிமீட்டர்தான். கோடு மையத்தில் இருப்பதாகக் கண் சத்தியம் செய்யும், துப்பாக்கி நோக்குவதோ வட்டத்துக்கு வெளியே. இது மிக மோசமான நிலை. கன்னத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைப்பவருக்குப் பிழை குறையும். ஆனால் ஒரு மணி நேரம் படுத்திருந்து களைத்த கழுத்து ஒரே இடத்தில் இருக்குமா?

எனவே ஸ்கோப்பின் பக்கவாட்டில் இந்தப் பிழையைச் சரிசெய்யும் திருகு இருந்தே ஆக வேண்டும். அதில் அச்சிட்டிருக்கும் தூர எண்களை நம்பி விட்டுவிடவும் கூடாது. துப்பாக்கியை அசையாமல் வைத்துவிட்டு, தலையை மட்டும் மேலும் கீழும் மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். கோடு இலக்கின் மேல் ஊர்ந்தால் திருகைச் சற்றுத் திருப்பி மறுபடி பார்க்க வேண்டும். ஊர்வது நின்றால் பிம்பம் கோட்டின் தளத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். காசு செலவில்லாத இந்தச் சோதனையைக் கடையிலேயே சன்னல் வழியாகச் செய்துவிடலாம் என்று அவனுக்கு எழுதினேன்.

அடுத்தது புவியீர்ப்பு. தோட்டா 914 மீட்டரைக் கடக்கச் சுமார் ஒன்றரை வினாடி ஆகும். அந்த நேரத்தில் அது கீழே விழும் தூரம் ஏறக்குறைய 10 மீட்டர், மூன்று மாடிக் கடைவீட்டின் உயரம். அவ்வளவு உயரத்துக்குக் குழலை மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். 10 ÷ 914 ரேடியன் என்பது 10.9 மில்லிரேடியன், கலைக் கணக்கில் சுமார் 38. கூடுதல் கணிதத்தில் வில்லின் நீளம் = ஆரம் × கோணம் என்று படிக்கிறோமே, அதற்கு மேல் இதில் எதுவும் இல்லை.

ஸ்கோப்பின் மேலுள்ள திருகு இந்தக் கோணத்தைத்தான் மாற்றுகிறது. திருப்பத் திருப்ப 'கிளிக்' என்று சத்தம் கேட்கும். சில ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் 0.1 மில்லிரேடியன். 914 மீட்டரில் அது 9 சென்டிமீட்டர் நகர்வு. உள்வட்டத்தின் அகலமே 12.5 சென்டிமீட்டர் என்னும்போது அது பெரிய அடி. கால் கலை கிளிக் என்றால் 6.6 சென்டிமீட்டர், எட்டில் ஒரு பங்கு கலை என்றால் 3.3 சென்டிமீட்டர். இந்தப் போட்டிக்குக் கடைசியாகச் சொன்னதே பொருத்தம். வேறு வேறு தூரங்களில் விரைவாக மாறி மாறிச் சுடும் போட்டிக்கு மில்லிரேடியன் திருகு வசதியாக இருக்கலாம். அது வேறு விளையாட்டு.

இங்கே ஒரு கண்ணி உண்டு. ஸ்கோப்பின் மொத்த நகர்வு 60 கலை என்று பெட்டியில் போட்டிருக்கும். நடுவில் நிறுத்தினால் மேலே 30, கீழே 30. நமக்கு வேண்டியதோ 38. திருகு முட்டிக்கொண்டு நின்றுவிடும், தோட்டா இலக்குக்குக் கீழே மண்ணில் குத்தும். தீர்வு மலிவானது: ஸ்கோப்பைப் பொருத்தும் அடிப்பட்டையை 20 கலை சாய்வாகச் செய்து விற்கிறார்கள். அதை மாட்டினால் மேலே 50, கீழே 10. விலை உயர்ந்த ஸ்கோப்பை வாங்கிவிட்டு இந்தப் பட்டையை மறந்தவர் போட்டி நாளன்று பரிதாபமாக நிற்க வேண்டியதுதான்.

எடைக்கும் வரம்பு இருக்கிறது. அவன் சேர்ந்திருக்கும் எஃப்/டி.ஆர். பிரிவில் துப்பாக்கி, அதன் இரட்டைக் கால், ஸ்கோப் எல்லாம் சேர்த்து 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. பெரிய ஸ்கோப் ஒரு கிலோ இருக்கும். அந்த எடையைக் குழலில் இருந்து குறைத்தாக வேண்டும்.

கடைசியாக, திருகு உண்மை பேசுகிறதா? "30 கலை" என்று திருப்பினால் உள்ளே உண்மையில் 30 கலைதான் நகர்கிறதா? அறிவியல் கருவி எதையும் நம்புவதற்கு முன் அளவுதிருத்தம் செய்ய வேண்டும் என்று ஆய்வறிக்கை எழுதும்போதெல்லாம் சொல்கிறோம். இதற்கும் அப்படித்தான். சுட வேண்டிய அவசியமே இல்லை. ஸ்கோப்பைப் பிடிகருவியில் இறுக்கி, நாடா வைத்து அளந்த 100 மீட்டர் தூரத்தில் ஒரு நீண்ட அளவுகோலைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். குறுக்குக் கோட்டைப் பூஜ்ஜியத்தில் வைத்து, 30 கலை திருப்பிப் படிக்க வேண்டும். கோடு 87.3 சென்டிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். பிறகு திரும்பி வந்து பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். போட்டியில் முதலில் சில சுடுகள் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் என்பதால் அளவில் சிறு பிழையைச் சமாளிக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்துக்குத் திரும்பும் திருகை யாராலும் சமாளிக்க முடியாது. முதலாவது முறையான பிழை, கணக்கில் சேர்த்துத் திருத்திவிடலாம். இரண்டாவது தற்செயல் பிழை.

அவன் கடைசியில் வாங்கியது 8 முதல் 32 மடங்கு வரை பெரிதாக்கும், ஒருவர் ஏற்கெனவே பயன்படுத்திய ஸ்கோப். 56 மில்லிமீட்டர் வில்லை, எட்டில் ஒரு பங்கு கலை கிளிக், பக்கத்தில் பிழைதிருத்தும் திருகு. குளிரில் நண்பன் ஒருவனை அளவுகோலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துச் சோதனையைச் செய்து, முடிவை எனக்கு அனுப்பினான். 87.3 வர வேண்டிய இடத்தில் 86.0 சென்டிமீட்டர். ஐந்து முறை செய்தும் அதே 86.0, ஐந்து முறையும் சரியாகப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பியிருக்கிறது. 1.5 விழுக்காடு குறைவு. 38 கலைக்கு அது 0.57 கலை, 914 மீட்டரில் 15 சென்டிமீட்டர். தெரியாமல் போயிருந்தால் முதல் தோட்டா நடு வட்டத்துக்குக் கீழே போயிருக்கும். 38-ஐ 0.985-ஆல் வகுத்து, 38.6 என்று எழுதிய சிறு தாளைத் துப்பாக்கியின் கட்டையில் ஒட்டியிருக்கிறான். ஐந்து கிளிக் கூடுதல்.

மிச்சப்பட்ட காசில் என்ன செய்தாய் என்று கேட்டேன். தோட்டாவும், திடலுக்குப் போக ரயில் பயணச்சீட்டும் என்று பதில் வந்தது.

உங்களுக்கு ஒரு கணக்கு: முன்வில்லை 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ஸ்கோப்பில் பிழைதிருத்தும் திருகு இல்லை, அது 150 மீட்டருக்கு நிலையாகச் சரிசெய்யப்பட்டிருக்கிறது. 600 மீட்டரில் உள்ள இலக்கைக் குறிபார்க்கும்போது கண்ணின் இடமாற்றத்தால் வரக்கூடிய மிகப் பெரிய பிழை எவ்வளவு? நடு வட்டத்தின் அகலம் ஒரு கலை என்றால், கோடு மையத்தில் இருப்பதாகத் தெரியும்போது குறி வட்டத்துக்கு உள்ளேயா, வெளியேயா? முக்கோணத்தை வரைந்து செய்யுங்கள். விலகல் 7.5 சென்டிமீட்டர் வந்தால் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை வகுப்பில் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.